படூரிலிருந்து எத்தனை வழி

(பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், சென்னையை அடுத்த படூரில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)

ஒரு வாரமாக "எவ்வளவு மார்க்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வணக்கம். நான் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன்.

"பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன?" என்று தலைப்புக் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் படிப்பு நல்லது, அந்தப் படிப்புக்கு வேலை இல்லை என்று பட்டியல் வாசிப்பேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் வாசிக்கிறவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பட்டியலை மாற்றிவிடுகிறார்கள். அதை நம்பிச் சேர்ந்த பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பதினேழு வயதில் எடுக்கிற முடிவு தப்பாகப் போகலாம். போகட்டும், அதில் வெட்கம் இல்லை. தப்பென்று தெரிந்தால் திரும்பி வரவோ, குறுக்கே வேறு வழிக்குப் போகவோ இடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். நிலத்தையும் நகையையும் வைத்து நம்மை ஒரே இடத்தில் கட்டிப்போடுகிற முடிவுக்குப் பயப்படுங்கள். இனி நான் பேசப்போவதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

முதலில் நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1980-களின் தொடக்கம் வரை இன்ஜினியரிங் என்றால் கிண்டி, கோவை, மதுரை, காரைக்குடி, சேலம், திருச்சி என்று ஒரு சில ஊர்களைத்தான் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த முதல் அலையிலேயே, 1985-இல், இந்தப் படூரில் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி வந்தது. அதே ஆண்டு காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். குழுமத்தின் கல்லூரி. 1996-இல் காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். அப்புறம் சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்கா. பழைய மகாபலிபுரம் ரோடு, ராஜீவ் காந்தி சாலை ஆகிவிட்டது. ஆக, இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கண்ணில் படுவது இரண்டு கேட்டுகள். ஒன்று காலேஜ் கேட்டு, இன்னொன்று கம்பெனி கேட்டு. ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றில் போய்ச் சேரலாம் என்று அதுவாகவே மனசில் பதிந்துவிடுகிறது. வேறு எந்த ஊரிலும் இவ்வளவு சுலபமாகப் பதியாது.

ஆனால் அந்தக் கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், பல நேரம் அவர்தான் இந்த ஊர்க்காரராக இருப்பார். உள்ளே போகிறவர் வேறெங்கிருந்தோ வந்தவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு வழி நமக்குத் திறந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். அதே மாதிரி, பக்கத்தில் இருந்தும் நாம் எட்டிக்கூடப் பார்க்காத வழிகள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

எந்தத் துறைக்கு மவுசு என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும்? தொலைவில் போய்ப் பார்க்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா தொழிற்சாலை வந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் நீல வண்டியிலும் வெள்ளை வண்டியிலும் ஏறி ஷிப்டுக்குப் போனார்கள். வீட்டில் முதல் தடவையாக மாதச் சம்பளம் பார்த்தவர்கள் அவர்கள். 2014-இல் ஆலையை மூடிவிட்டார்கள். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, மறு ஆண்டு உற்பத்தியை நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் அந்த ஆலையைக் காட்டித்தான் "மெக்கானிக்கல் எடு, நம்ம மாவட்டத்திலேயே வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நம் பக்கத்தில் சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கிற டி.சி.எஸ்., 2025 ஜூலையில், உலகம் முழுக்கத் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே நேரத்தில் இங்கே கல்லூரிகளில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இடம் கூடிக்கொண்டே போகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. 2024-இல் இடங்களுக்கான உச்சவரம்பைத் தளர்த்திவிட்டது.

இதைச் சொன்னதும் ஒரு அப்பா, "அப்போ கம்ப்யூட்டர் வேண்டாம்கிறீங்களா?" என்று கேட்பார். அப்படிச் சொல்லவில்லை, ஐயா. இன்றைக்குச் சேர்கிற பிள்ளை வெளியே வர நாலு வருஷம் ஆகும். நாலு வருஷம் கழித்து எந்தக் கம்பெனி ஆள் எடுக்கும் என்று அந்தக் கம்பெனியின் முதலாளிக்கே தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துச் சூதாடுவதைவிட, தெரிந்ததை வைத்து முடிவெடுக்கலாம் என்கிறேன். நோக்கியாவுக்குப் போன பெண்கள் போனது தப்பே இல்லை. பதினெட்டு வயதில் வீட்டைத் தாங்கினார்கள். வேலைக்குப் போனபடியே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்புக்குப் பதிந்து வைத்திருந்தவர்களுக்கு, ஆலை மூடிய அன்று கையில் இன்னொன்று இருந்தது. பதியாதவர்களுக்கு அது இல்லை. உங்களில் யாராவது குடும்பச் சூழ்நிலையால் இந்த வருஷமே வேலைக்குப் போவதாக இருந்தால், இதை மட்டும் செய்துவிட்டுப் போங்கள்.

இப்போது இன்ஜினியரிங் கவுன்சலிங். கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் அதற்காகத்தான் வந்திருப்பீர்கள், தெரியும்.

1997-இல் ஒற்றைச் சாளர முறை வந்தது. நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. 2007-லிருந்து அது இல்லை. இப்போது கணக்கு மார்க் நூற்றுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 90-உம் 40-உம் 42-உம் சேர்த்து 172 கட்-ஆஃப். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதற்கு அப்புறம் நடப்பதில்தான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம்.

விருப்பப் பட்டியல் போடுகிற அன்று என்ன செய்கிறோம்? பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். அங்கே இருக்கிற தம்பி போன வருஷக் கட்-ஆஃப் பார்த்து, "இது உனக்குக் கிடைக்காது, இதைப் போடாதே" என்று அடித்துவிட்டு, கிடைக்கக்கூடியதை மேலே போட்டு முடித்துவிடுகிறார். அவருக்கு அன்றைக்கு இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் கம்ப்யூட்டர் எப்படி ஒதுக்குகிறது என்று தெரிந்தால் அப்படிச் செய்ய மாட்டீர்கள். உங்கள் ரேங்க் வந்ததும் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிடுகிறது. இல்லையா, இரண்டாவதுக்குப் போகிறது. அதுவும் இல்லையா, மூன்றாவது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதற்காக உங்களுக்கு ஒரு மார்க்கும் குறையாது, ஒரு இடமும் போகாது. ஆனால் சுமாரான ஒன்றை மேலே போட்டுவிட்டு, ஆசைப்பட்டதை அதற்குக் கீழே போட்டால், சுமாரானது கிடைத்த இடத்திலேயே கம்ப்யூட்டர் நின்றுவிடும். கீழே படிக்கவே படிக்காது. ஆகவே மனசில் எந்த வரிசையோ அதே வரிசை. துணிந்து போடுங்கள், நீளமாகவும் போடுங்கள். கடைசியில் "எது கிடைத்தாலும் சரி" என்று நாலைந்து சேர்த்து வையுங்கள். இதில் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. நம்மைச் சுற்றியுள்ள எல்லாக் கல்லூரியும் இந்தக் கவுன்சலிங்கில் வராது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று போர்டு இருந்தால் அதன் சேர்க்கை தனி, தேர்வு தனி, கட்டணமும் தனி. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 2021-லிருந்து பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஆனால் அது கவுன்சலிங் வழியாக வந்தால்தான். முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். வீட்டு வாசலில் இருக்கிற கல்லூரி என்று நேரே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அலைந்தால் பிரயோஜனம் இல்லை. சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: "இது கவுன்சலிங் இடமா, இல்லையா?" முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் மாதம் அங்கே நிற்க இடம் இருக்காது.

சரி, இன்ஜினியரிங்கை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இரண்டு மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. இருவரும் கணிதம் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே ஆண்டில், 2009-இல், பத்ம பூஷண் கிடைத்தது. இருவரும் வளர்த்த நிறுவனங்கள் நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த இரண்டு வாசலையும் மிதித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை.

முதலாமவர் சி.எஸ். சேஷாத்ரி. காஞ்சிபுரத்தில் 1932-இல் பிறந்தவர், செங்கல்பட்டில் வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்தவர். அப்பா வக்கீல். அந்தக் காலத்துச் செங்கல்பட்டு வக்கீல் வீட்டுப் பிள்ளை என்றால் வக்கீலாகவோ கலெக்டராகவோ ஆக வேண்டும் என்றுதான் ஊர் எதிர்பார்த்திருக்கும். அவர் லயோலா கல்லூரிக்குப் போய்க் கணிதம் படித்தார். 1953-இல் பட்டம் வாங்கிக்கொண்டு பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். இயற்கணித வடிவியலில் உலகம் முழுக்க அவர் பெயர் தெரியும். லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினராக இருந்தவர். கர்நாடக சங்கீதமும் முறையாகக் கற்றவர். அவர் 1989-இல் சென்னையில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கியதுதான் இன்றைய சென்னைக் கணிதவியல் நிறுவனம். 2005-இல் சிறுசேரி சிப்காட் பூங்காவுக்குள் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. சிப்காட்டுக்குள் போகிற கம்பெனி பஸ்களைத் தினம் பார்க்கிறோம். அதே பூங்காவுக்குள்தான் இதுவும் இருக்கிறது.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1998-இல் அங்கே இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியபோது அவர்களுக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, போஜ் என்று பெயர். பட்டத்தில் அதன் முத்திரைதான். 2006-இல் நிகர்நிலை அந்தஸ்து கிடைக்கும்வரை இப்படித்தான். நம் வீட்டில் என்றால், "போயும் போயும் திறந்தநிலைப் பட்டமா?" என்று தடுத்திருப்போம். அப்படிப் படித்த பிள்ளைகள் உலகத்தின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்குப் போனார்கள். பாடம் நடத்துகிறவர் யார், பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர் யார் என்பதைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் அவர்கள். பட்டத்தின் தலைப்பில் யார் பெயர் என்று பார்க்கவில்லை. கணக்கில் மார்க் எடுக்கிற பிள்ளை வேறு, கணக்கு போட்டால் சோறு மறந்துபோகிற பிள்ளை வேறு. இரண்டாவது ரகம் உங்கள் வீட்டில் இருந்தால் சிறுசேரிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கென்று தனி நுழைவுத் தேர்வு. விண்ணப்பமும் தேர்வும் நம் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்றால் நேரம் போயிருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது அண்ணன் அக்காவோடு வந்திருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாமவர் வை. கணபதி ஸ்தபதி. பிள்ளையார்பட்டியில் 1927-இல் பிறந்தவர். பரம்பரைச் சிற்பக் குடும்பம். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதப் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய பிறகு உளியை எடுத்தார்! இன்றைக்கு ஒரு பிள்ளை பி.எஸ்சி. மேத்ஸ் முடித்துவிட்டு, "அப்பா, நான் கல் செதுக்கப் போகிறேன்" என்று சொன்னால் நாம் என்ன சொல்வோம்? பழனி முருகன் கோயிலில் ஸ்தபதியாக இருந்தார். அவருடைய அப்பா வைத்தியநாத ஸ்தபதி, அரசு 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சி மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் அதை ஏற்று, பட்டம் கொடுக்கிற கல்லூரியாக வளர்த்தார். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறந்தது, அவர் கைவண்ணம். சென்னை வள்ளுவர் கோட்டமும் அவருடையதுதான். ஹவாய்த் தீவில் முழுக்கக் கருங்கல்லில் ஒரு சிவன் கோயில், அதன் வரைபடமும் அவர் போட்டது. மனையடிக் கணக்கு, அளவு, விகிதம் என்று அவர் எழுதியதையும் பேசியதையும் பார்த்தால், கல்லூரியில் படித்த கணிதத்தை அவர் விட்டுவிட்டுப் போகவில்லை என்பது தெரியும். கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இன்றும் இயங்குகிறது. கேளம்பாக்கம் போய் பஸ் ஏறினால் மாமல்லபுரத்தில் இறங்கிக்கொள்ளலாம். கல், சுதை, மரம், உலோகம் என்று சிற்பத்தில் தனித்தனிப் பிரிவுகள். மரபுக் கட்டடக்கலைக்கு ஒரு பட்டம், மரபு ஓவியத்துக்கு ஒரு பட்டம். பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் திருப்பணியும் கும்பாபிஷேகமும் நின்றுபோகிற நாடா இது? வெளிநாடுகளிலும் நம்மவர்கள் கோயில் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கையில் வரைகிற பழக்கம் உள்ள பிள்ளையை, "அதெல்லாம் சோறு போடாது" என்று அடக்கி அக்கவுன்டன்சியில் உட்காரவைக்கும் முன், ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரே எச்சரிக்கை: அங்கே உடம்பு நோகும். கல் தூசி மூக்கில் ஏறும். விரலில் காப்புக் காய்க்கும். அதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் அது நிஜமான ஆசை.

பார்க்காமல் ஆசைப்படுவதைத்தான் நான் நம்புவதில்லை. "உனக்கு எதில் ஆர்வம்?" என்று இப்போது எல்லோரும் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். நாகரிகமான கேள்விதான். ஆனால் டாக்டரையும் டீச்சரையும் போலீஸையும் சினிமாவில் வருகிற வக்கீலையும் தவிர வேறெந்த வேலையையும் கிட்டே பார்க்காத பிள்ளை என்ன பதில் சொல்லும்? எனவே இந்த விடுமுறையில் ஊரைச் சுற்றுங்கள். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் ஒரு காலைப் பொழுது போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். பொதுவாக நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். சினிமாவில் வருவது மாதிரி ஒருவரும் கத்த மாட்டார்கள். வாய்தா வாங்குவார்கள், காகிதம் புரட்டுவார்கள். அதைப் பார்த்தும் பிடித்தால் சட்டம் படிக்கலாம். பிளஸ் டூ மார்க்கை வைத்தே ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் சேரலாம், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. உயர் நீதிமன்ற வளாகத்தில் நூறாண்டுக்கும் மேல் இருந்த சட்டக் கல்லூரியை 2018-இல் இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது நம்ம புதுப்பாக்கத்தில்தான்.

முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பயிற்சி தருகிறார்கள். பேச்சு வராத, காது கேட்காத, மனவளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு படிப்பு. இதற்கு ஆள் போதவில்லை. பொறுமை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். கோவளம், செம்மஞ்சேரிக் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் புதிதல்ல. கப்பல் வேலை என்றால் கண் விரிகிறது. ஆனால் அதற்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். கண் பார்வை சரியாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், படிப்பு முடிந்ததும் கப்பலில் ஏறிப் பயிற்சி முடித்தால்தான் அந்தப் படிப்புக்கு மதிப்பு. ஏற்றிக்கொள்ளக் கப்பல் கம்பெனி வேண்டும். "கப்பல்ல வேலை வாங்கித் தர்றேன்" என்று நாலு லட்சம் ஐந்து லட்சம் கேட்கிற ஏஜென்ட்டிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் கரையில் நிற்கிற பையன்கள் கடற்கரை ஊர்களில் உண்டு. எந்தக் கம்பெனி ஏற்றிக்கொள்ளும் என்று எழுத்தில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அணுமின் நிலையமும் இருக்கின்றன. விஞ்ஞானிகளுக்கு மட்டும்தான் அங்கே வேலை என்று நினைப்பு. ஐ.டி.ஐ. முடித்தவர்களையும், பிளஸ் டூவில் அறிவியல் கணிதம் படித்தவர்களையும் உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுக்கிறார்கள். வருஷா வருஷம் அறிவிப்பு வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காமர்ஸ் பிள்ளைகள் என்னை முறைத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்த குரூப்பாக இருந்தாலும் பிளஸ் டூ போதும். கூடவே ஒரு பி.காம். சேர்ந்துகொள்ளுங்கள். சி.ஏ. தேறாமல் போனாலும் கணக்கு எழுதத் தெரிந்த ஆளை எந்தக் கடைக்காரரும் விடமாட்டார். இதுவும் திரும்பி வர இடம் உள்ள வழிதான்.

அந்தத் "திரும்பி வர இடம்" பற்றி இப்போது விவரமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. போன பையன் அங்கே முடித்தால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் இயற்பியல் வேதியியல் படித்தவரும், தொழிற்கல்விப் பிரிவு படித்தவரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்து இரண்டே வருஷத்தில் டிப்ளமோ வாங்கலாம். டிப்ளமோ வாங்கினால் பி.இ. இரண்டாம் ஆண்டு. லேட்டரல் என்ட்ரி என்பார்கள், அதற்கும் தனிக் கவுன்சலிங் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கப் பகுதிநேர பி.இ. கூட இருக்கிறது. எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் மூன்று வருஷச் சட்டம் படிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பில் ஜே.இ.இ. எழுதாமலே, அவர்கள் வைக்கிற தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிக்கலாம். அரசுக் கலைக் கல்லூரியில் மூன்று வருஷத்துக்கு ஆகிற மொத்தச் செலவு, சில தனியார் கல்லூரிகளின் ஒரு செமஸ்டர் பஸ் கட்டணத்துக்குக்கூட வராது. இத்தனை ஏணிகளை அரசு போட்டு வைத்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஐ.டி.ஐ. போனவனைப் பார்த்து, "படிப்பு ஏறல, ஐ.டி.ஐ. போட்டுட்டோம்" என்று அவன் காதுபடவே சொல்கிறோம். ஜெர்மனியில் தச்சு வேலையும் மின் வேலையும் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியில், மற்ற நாள் பட்டறையில் கற்றுச் சம்பளமும் வாங்குகிறார்கள். அங்கே அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. நம் நாட்டிலும் 1961-லிருந்தே தொழில்பழகுநர் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, மரியாதைதான் இல்லை.

பணத்துக்கு வருகிறேன். இந்தச் சாலை ஓரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் பலர் விற்றுவிட்டார்கள். மிச்சம் இருக்கிற அரை கிரவுண்டையும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காக விற்கலாமா என்று யோசிக்கிற வீடுகள் இருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், விற்காதீர்கள். அதே படிப்பு கவுன்சலிங்கில் கொஞ்சம் பேர் குறைந்த கல்லூரியில் கிடைக்கும். நாலாவது வருஷம் பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால்கூட, "அப்பா நிலத்தை விற்றாரே" என்ற ஒரே காரணத்துக்காக அது வாயைத் திறக்காது. அரியர் மேல் அரியராகப் போகும். நான் பார்த்தவரையில், பிள்ளைகள் தங்கள் தோல்வியை வீட்டில் மறைப்பதற்கு மார்க் காரணமாக இருப்பது குறைவு, கட்டிய பணம்தான் காரணமாக இருக்கிறது.

கடன் வாங்குவதாக இருந்தால் வங்கிக் கல்விக் கடன். ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல், அரசின் கடன் உறுதித் திட்டத்தில் கொடுக்க வழி இருக்கிறது. படிக்கிற காலத்தில் கட்ட வேண்டாம் என்பதால் வட்டி ஓடாது என்று நினைத்துவிடாதீர்கள். ஓடிக்கொண்டேதான் இருக்கும். முடிந்தவர்கள் அந்த வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிட்டால் கடைசியில் பாரம் தெரியாது. அப்புறம், அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். ஆண்பிள்ளைகளுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பாதிப் பேச்சுத்தான். "பொண்ணுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? நம்ம ஊர்லயே இருக்குற காலேஜ்ல எது கிடைக்குதோ அதைப் படிக்கட்டும்." இதைச் சொல்லாத வீடு குறைவு. அண்ணனுக்கு மட்டும் கோயம்புத்தூர் பக்கம். தங்கைக்கு அண்ணா நகரே தூரம். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்ததற்காக ஒரு பெண் தனக்குச் சம்பந்தமே இல்லாத படிப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்திருப்பதைவிட, பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய் வருவது மேல். பயமாக இருந்தால் முதல் வாரம் அம்மா கூடப் போய் வாருங்கள், அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை.

ரொம்ப நேரம் பேசிவிட்டேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். நம் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் அங்கே உட்காருவார்கள். கவுன்சலிங் பதிவு, சான்றிதழ் சந்தேகம் எல்லாம் அவர்களிடம் கேளுங்கள். நாளைக்கு வீட்டில் ஞாபகம் வந்தால் 14417-க்கு போன் போடுங்கள், கல்வி உதவி மையம். இப்போது என்னிடம் கேள்வி கேட்கலாம். முதலில் பிள்ளைகள் கேட்கட்டும். அப்பாக்கள் கொஞ்சம் பொறுங்கள். பின் வரிசையில் அந்த நீலச் சட்டைத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்க தம்பி.